தோற்பதற்கென்றே ஒரு படை

பல நாயகர்கள் கைகோத்து ஒரே வில்லனை எதிர்க்கும் காமிக்ஸ் என்று பேச்சு வந்தால், அந்த உலகம் தெரிந்த வாசகர்கள் பலர் முதலில் எடுத்து வைப்பது ஓர் இதழைத்தான். மார்வல் நிறுவனம் 1991-இல் ஆறு இதழ்களாக வெளியிட்ட ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ தொடரின் நான்காம் இதழ். எழுத்து ஜிம் ஸ்டார்லின். ஓவியத்தை ஜார்ஜ் பெரெஸ் தொடங்கினார், ரான் லிம் முடித்தார். மார்வலின் பெரிய தலைகள் பதினைந்துக்கும் மேற்பட்டோர் தானோஸ் என்ற ஒருவன்மீது பாய்கிறார்கள். ஏறக்குறைய எல்லாருமே அந்த ஒரே இதழுக்குள் செத்து விழுகிறார்கள். முப்பது வருடங்களுக்கு மேலாக இதற்குக் கிடைத்துவரும் பாராட்டு தகுதியானதா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

எந்தக் கண்ணோடு பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் காமிக்ஸ் என்றால் வெளியூரிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் நினைப்பதில்லை. 1972-இல் சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியது சிவகாசியில். 1984-இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கியதும் அங்கேதான். பட்டாசு லேபிளும் காலண்டரும் அச்சாகிற ஊரிலிருந்தே இரும்புக்கை மாயாவி, ஸ்பைடர் என்ற பிரிட்டிஷ் காமிக்ஸ் நாயகர்கள் தமிழ்நாடு முழுக்கப் போனார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் சாகசக் கதை வாசிக்கக் கற்றுக்கொண்டது அந்த உள்ளங்கை அளவுப் புத்தகங்களில்தான்.

அந்தப் பழக்கம் எங்களுக்கு இரண்டு ருசிகளைத் தந்தது. முதலாவது, தனி ஆளின் கதை. இரும்புக்கை மாயாவி தனியாகத்தான் போவார். ஸ்பைடருக்குக் கூட இருப்பவர்கள் இரண்டே பேர், பெல்ஹாம், ஆர்டினி. சின்ன அளவு, ஒற்றை வண்ணம், சாதாரணத் தாள் என்ற நிலையில் ஒரு கட்டத்துக்குள் பத்து உடைகளைத் திணித்தால் யார் யாரென்றே தெரியாது. கறுப்பு வெள்ளையில் ஓர் இரும்புக் கை மட்டும் மிதந்து வந்தால் கடைசி பெஞ்சிலிருந்து எட்டிப் பார்ப்பவனுக்கும் தெரியும். ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கையின் பலமே அதன் தனிமைதான்.

இரண்டாவது ருசி இன்னும் முக்கியம். நாங்கள் நேசித்த இந்த இருவருமே வில்லன்களாகப் பிறந்தவர்கள். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் மாயாவி முதன்முதலாக வந்தபோது அவர் ஊரை மிரட்டும் குற்றவாளி. 1965-இல் ‘லயன்’ வார இதழில் வந்த ஸ்பைடரின் ஆசையே குற்ற உலகத்தின் சக்கரவர்த்தி ஆவதுதான். லயன் காமிக்ஸில் ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற கதையில் அவரைச் சந்தித்த தமிழ்ச் சிறுவன், போலீஸ்காரர்கள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பக்கம் புரட்டினான். ஸ்பைடரைப் பிற்பாடு நீதியின் பக்கம் திருப்பியவர் ஜெர்ரி சீகல். ஜோ ஷஸ்டரோடு சேர்ந்து, 1938-இல் வெளிவந்த சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். ஆக, வில்லனின் தோளில் உட்கார்ந்து கதை பார்ப்பது எங்களுக்குப் புதிதில்லை. தானோஸின் கதைக்குள் நுழைய இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தானோஸ் ஸ்டார்லினின் சொந்தப் பிள்ளை. 1973-இல் ‘அயர்ன் மேன்’ 55-ஆம் இதழில் அவனை அறிமுகம் செய்தவரும் ஸ்டார்லின்தான். மரணத்தை ஒரு பெண்ணாகக் கண்டு அவள்மேல் பித்தான ஒருவன். அவள் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக, எல்லையற்ற சக்தி தரும் ஆறு மணிகளைத் திரட்டிக் கையுறையில் பதித்து, ஒரே சொடக்கில் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை இல்லாமல் ஆக்குகிறான். அவளோ திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மணிகளைத் திரட்டியது இந்தத் தொடருக்கு முன்பே நடந்துவிட்டது; மற்றவை முதல் மூன்று இதழ்களில் முடிந்துவிடுகின்றன. மிஞ்சிய நாயகர்களை ஆடம் வார்லாக் திரட்டுகிறார். நான்காம் இதழ் முழுக்கச் சண்டை.

பலர் ஒருவனோடு மோதும் சண்டையை எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்குத் தமிழிலேயே ஓர் அளவுகோல் உண்டு. கம்பன் பாடிய கும்பகருணன் வதை. ஒற்றை அரக்கன், எதிரே கடல் போன்ற வானரப் படை. அங்கதன், அனுமன், இலக்குவன் என்று ஒவ்வொருவரும் வருகிறார்கள், ஒவ்வொருவரும் தத்தம் இயல்புப்படி மோதுகிறார்கள். சுக்கிரீவன் மயங்கிவிடுகிறான், அவனைத் தூக்கிக்கொண்டு இலங்கையை நோக்கி நடக்கிறான் கும்பகருணன். இராமன் வழிமறிக்கிறான். நினைவு திரும்பிய சுக்கிரீவன் அவனுடைய மூக்கையும் காதையும் கடித்துத் துண்டித்துக்கொண்டு தப்புகிறான். அதற்குப் பிறகு போர் முன்பிருந்த போராக இல்லை. அவமானம் கும்பகருணனை வேறு ஆளாக மாற்றிவிடுகிறது. ஒவ்வொருவரின் வருகையும் சண்டையின் போக்கைக் கொஞ்சமாவது திருப்ப வேண்டும். வராதிருந்தால் எதுவும் மாறியிருக்காது என்றால் அந்த ஆள் அங்கே எதற்கு? இந்தக் கேள்வியோடு மார்வல் இதழுக்குள் போகலாம்.

தொடக்கம் அருமை. நாயகர்கள் பாய்கிறார்கள், தானோஸ் காலத்தையே நிறுத்திவிடுகிறான். பாய்ந்தவர்கள் பாய்ந்தபடியே அந்தரத்தில் நிற்கிறார்கள். சண்டை தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அப்போது நரகத்தின் அதிபதி மெஃபிஸ்டோ காதருகே வந்து யோசனை சொல்கிறான்: இப்படி ஜெயித்தால் உன் காதலி மதிக்க மாட்டாள், எதிராளிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்து ஜெயித்துக் காட்டு. தானோஸ் சக்தியில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு களத்தில் இறங்குகிறான்.

கதைக்கட்டில் இது மிகத் தேர்ந்த வேலை. எல்லாம் வல்ல ஒருவனோடு சண்டை என்பதே பொருளற்றது. அவனாக இறங்கி வந்தால்தான் சண்டை நடக்கும். அப்படி இறங்கி வரச் செய்வது அவனுடைய முட்டாள்தனமாக இருந்திருந்தால் கதை மலிவாகியிருக்கும். ஸ்டார்லின் அதைக் காதல் ஏக்கமாக்கினார். சண்டையின் காரணமே வில்லனின் மனசுக்குள் இருக்கிறது. சில பக்கங்களிலேயே இது தானோஸின் கதை என்பது உறுதியாகிவிடுகிறது.

ஆனால் இறங்கி வந்தவன் எதுவரை இறங்கினான் என்று காட்ட ஆசிரியர் மறந்துவிட்டார். சக்தியை அடைத்துக்கொண்ட பிறகும் அவன் வுல்வரினின் எலும்புகளைக் கல்லைப் பஞ்சாக்குவதுபோல் குழைத்துவிடுகிறான். சைக்ளோப்ஸின் தலையை ஒரு கண்ணாடிக் கட்டிக்குள் அடைத்து மூச்சுமுட்டக் கொல்கிறான். தோரைக் கண்ணாடியாக்கி உடைக்கிறான். விஷனின் உடலுக்குள் கையை விட்டு உள்ளுறுப்புகளைப் பிடுங்கி எறிகிறான். இவையெல்லாம் குறைந்த சக்தியின் வேலைகள் என்றால் முழுச் சக்தி எப்படி இருக்கும்? நாயகர்களுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் அந்தச் சிறு வாய்ப்பு எந்தக் கட்டத்திலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வாய்ப்பு தெரியாத இடத்தில் பதைப்பும் இல்லை. வாசகன் அடுத்து யார், எப்படிச் சாவார் என்று மட்டும் காத்திருக்கத் தொடங்குகிறான். இதழின் மிகப் பெரிய குறை இது என்பேன்.

சாவுகளின் கற்பனையில் ஸ்டார்லினுக்குக் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வுல்வரினின் பெருமையே உடையாத எலும்பு; அதைக் குழைத்துவிட்டான். சைக்ளோப்ஸின் ஆயுதம் கண்ணிலிருந்து பாயும் கதிர். அந்தத் தலையையே மூடிவிட்டான். ஒவ்வொருவரையும் அவரவர் பலத்தின் இடத்திலேயே அடிப்பது கூர்மையான எழுத்து. ஆனால் இந்தக் கூர்மையும் தானோஸின் கணக்கில்தான் சேர்கிறது. வுல்வரின் வராதிருந்தால் இந்தப் போரில் என்ன மாறியிருக்கும்? ஒன்றும் இல்லை. தோர் வராதிருந்தால்? ஒன்றும் இல்லை. கம்பனின் சுக்கிரீவன் தோற்றுக்கொண்டே கும்பகருணனை மாற்றினான். இங்கே யாரும் தானோஸின்மேல் ஒரு கீறலைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பத்தாயிரம் வாலா சரம் வெடிக்கும்போது எந்த வெடி எப்போது போனதென்று யாராலும் சொல்ல முடியாது. இதழின் நடுப்பகுதி அப்படி ஒரு தொடர் ஓசையாகவே கடந்துபோகிறது.

டெராக்ஸியாவின் விஷயம் இன்னும் மோசம். மரணம் திரும்பிப் பார்க்கவில்லை என்ற எரிச்சலில், அவளைப் பொறாமைப்படுத்த தானோஸ் உருவாக்கிய பெண் இவள். அவள் உருவானதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஸ்பைடர்மேனைக் கல்லால் அடித்துக் கொல்வதும் அயர்ன் மேனின் தலையைப் பறிப்பதும் அவள் கையில் விடப்பட்டிருக்கின்றன. வாசகர்கள் அதிகம் நேசிக்கும் இருவரின் முடிவு, இந்தத் தொடரில்தான் பிறந்த ஒரு பாத்திரத்தின் கையில். மனசில் வேர் பிடிக்காத ஒருத்தி கொல்லும்போது அந்தச் சாவுகளும் வேர் பிடிப்பதில்லை.

ஓவியத்துக்கு வருவோம். கூட்டத்தை வரைவதில் ஜார்ஜ் பெரெஸுக்கு நிகராக அமெரிக்க காமிக்ஸில் வெகு சிலரையே சொல்ல முடியும். 1985-86-இல் டி.சி.க்காக ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொடரில் நூற்றுக்கணக்கான நாயகர்களை வரைந்தும், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு தனி உணர்ச்சி தந்தவர். பின்னணியில் விரலளவு நிற்கும் ஒருவன்கூடத் தன் பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருப்பான். ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’டின் முதல் மூன்று இதழ்களிலும் அந்தக் கை தெரிகிறது. நான்காம் இதழின் பாதி வழியில் அவர் விலகினார்; அதே வருடம் டி.சி.யின் ‘வார் ஆஃப் த காட்ஸ்’ வேலையும் அவர்மேல் இருந்தது. மிச்சத்தை ரான் லிம் ஏற்றார். லிம் திறமைசாலி, ‘சில்வர் சர்ஃபர்’ இதழ்களில் ஸ்டார்லினோடு வேலை செய்து தானோஸைக் கையில் பழக்கி வைத்திருந்தவர். அவரது தானோஸ் பெரெஸின் தானோஸைவிடக் கனமானவன், பாறைத்தன்மை கூடியவன் என்றுகூடச் சொல்வேன். ஆனால் லிம்மின் பலம் ஒற்றை உருவம். கட்டத்தின் நடுவில் ஒருவரை நிறுத்தினால் கண் அங்கேயே நிற்கும். சுற்றிலும் இருப்பவர்கள் மெல்லப் பின்னணியாகிவிடுகிறார்கள். ஓவியர் மாறியது கூட்டம் தேவைப்பட்ட நேரத்தில். அந்த இழப்பைப் பக்கங்கள் காட்டிக்கொடுக்கின்றன.

வினோதம் என்னவென்றால், அதே கை மாற்றம்தான் இதழின் உச்சத்துக்கு உதவியது. எல்லாரும் விழுந்தபின் ஒருவர் மட்டும் நடந்து வருகிறார். கேப்டன் அமெரிக்கா. பறக்கத் தெரியாது, இடி மின்னல் கிடையாது, ஒரு கேடயம். தானோஸின் மார்பளவுக்குத்தான் இருக்கிறார். எதிர்த்து நிற்க ஒருவன் மிஞ்சியிருக்கும்வரை உன்னால் வெற்றியை உரிமை கொண்டாட முடியாது என்ற பொருளில் அவர் பேசுகிறார். பேசி முடித்தவரைத் தானோஸ் புறங்கையால் அடித்துக் கொல்கிறான்.

பதினைந்து பேர் சேர்ந்து செய்ய முடியாததை இந்தச் சில கட்டங்கள் செய்துவிடுகின்றன. இங்கே முதன்முறையாக ஒரு நாயகனின் இருப்பு தானோஸைத் தொடுகிறது. மரணத்தின் முன் தன்னை நிரூபிக்க வந்தவனிடம், உன் நிரூபணம் செல்லாது என்று ஒரு சாதாரண மனிதன் முகத்துக்கு நேரே சொல்கிறான். மெஃபிஸ்டோ போட்ட முடிச்சு இங்கே வந்து அவிழ்கிறது. இந்தப் பக்கங்களுக்காக இந்த இதழை நான் திரும்பத் திரும்ப எடுக்கிறேன், இன்னும் எடுப்பேன். ஆனால் கவனியுங்கள்: கூட்டம் ஒழிந்து ஒருவர் மிஞ்சியபோதுதான் கதை உயிர் பெற்றது. பல நாயகர் கதை என்ற வடிவத்தின் சிகரம் என்று புகழப்படும் இதழ், அந்த வடிவத்தைக் கைவிட்ட இடத்தில்தான் சிகரம் தொட்டது.

இனி வார்லாக். படையைத் திரட்டி அனுப்பிய அவருக்கு இவர்கள் ஜெயிக்க மாட்டார்கள் என்று முன்பே தெரியும். சண்டை ஒரு திசைதிருப்பல். தானோஸின் கவனம் முழுக்க எதிரே இருக்கும்போது சில்வர் சர்ஃபர் மின்னல் வேகத்தில் வந்து கையுறையைப் பறித்துப்போக வேண்டும் என்பதே திட்டம். செத்தவர்களுக்கு இது சொல்லப்படவில்லை. தூரத்தில் நின்று பார்க்கும் சர்ஃபருக்கு மனசு பொறுக்கவில்லை. வார்லாக் கல்லாக இருக்கிறார். சர்ஃபர் பாய்ந்து வருகிறார், நூலிழையில் தவறவிடுகிறார். அத்தனை உயிரும் வீண்.

இந்த இடத்தை என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை. நான் சாத்தூர் பக்கத்து அச்சங்குளத்துக்காரன். 2021 பிப்ரவரி 12 அன்று இங்குள்ள பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செய்தியில் அது ஓர் எண்ணாக வந்தது. ஊரில் அது எண்ணாக இருந்ததில்லை. ஒவ்வொரு சாவும் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. காமிக்ஸுக்கு இந்தப் பாரத்தைச் சுமக்கும் கடமை உண்டா என்று கேட்கலாம். ஆறாம் இதழில் எல்லாரும் உயிரோடு திரும்பி வருவார்கள் என்பது சூப்பர் ஹீரோ வாசகனுக்குத் தெரிந்த சம்பிரதாயம்தான். நான் குறை சொல்வது அதையில்லை. நிலைமையின் ஆபத்தைச் சொல்லாமல் மற்றவர்களை உள்ளே அனுப்பியவன் ஒருவன் இருக்கிறான். அந்தக் கேள்வியை எழுப்பியது ஸ்டார்லின்தான், யாரும் வற்புறுத்தவில்லை. எழுப்பிய கேள்வியை அவர் எடைபோட வேண்டாமா? ஏமாற்றி அனுப்பப்பட்டவர்கள் திரும்பி வந்து வார்லாக்கின் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்கும் ஒரு முழுக் காட்சி இந்தத் தொடருக்குத் தேவைப்பட்டது. சர்ஃபரின் வேதனை அதன் நிழலாக மட்டும் வந்துபோகிறது. வேலைக்குப் போனவர்கள் திரும்பாத ஊரில் இருந்து வாசிப்பவனுக்கு இந்த மௌனம் சின்னக் குறையாகத் தெரியாது.

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கதை திரைப்படங்கள் வழியாகவே பழக்கம். 2018-இல் ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’, 2019-இல் ‘எண்ட்கேம்’. இரண்டாவது படத்துக்குத் தமிழில் ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். திரைத் தானோஸுக்கு மரணத்தின்மேல் காதல் இல்லை. மக்கள்தொகைக்கு வளம் போதாது என்ற கணக்கு. நோக்கம் அறிவார்ந்ததாகத் தோன்றினாலும் பாத்திரம் வறண்டுவிட்டது. காதலித்தவளின் ஒரு பார்வைக்காக உலகைக் கொன்றவன் காமிக்ஸில்தான் இருக்கிறான், அவன்தான் நினைவில் நிற்கிறான்.

ஆனால் சண்டை என்று வந்தால் படம் ஓரிடத்தில் இதழை வென்றுவிட்டது. ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் டைட்டன் கிரகத்தில் நடக்கும் மோதல். ஸ்ட்ரேஞ்சின் மந்திரக் கட்டு, ஸ்பைடர்மேனின் வலை, மாண்டிஸின் உறக்கம் என்று ஒவ்வொருவரின் திறமையும் அடுத்தவரின் திறமைக்குப் படியாகிறது. கையுறை கழன்று வரும் நேரத்தில், காதலி கமோரா கொல்லப்பட்டதை அறிந்த பீட்டர் குவில் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் கெடுக்கிறான். யார் வராதிருந்தாலும் அந்தச் சண்டை வேறாகியிருக்கும். தோல்விக்கும் ஒரு மனிதத் துயரம் காரணமாக இருக்கிறது. ஸ்டார்லின் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு செய்யாததை அங்கே அரை டஜன் பேரை வைத்துச் செய்திருக்கிறார்கள். ‘எண்ட்கேம்’ படமோ நான்காம் இதழின் உச்சத்தை எடுத்துக்கொண்டு வீணாக்கியது. உடைந்த கேடயத்தோடு கேப்டன் ஒரு பெரும்படை முன் தனியாக நிற்கும் காட்சி அசல் இதழுக்குக் கடன்பட்டது. சில நொடிகள்கூட அவரைத் தனியாக விட மனம் வராமல் வாசல்களைத் திறந்து எல்லாரையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அரங்கம் கைதட்டியது, கேப்டனின் தனிமை போயிற்று.

என் தீர்ப்பு இது. வில்லனின் கதையாக இந்த இதழ் முதல் வரிசை. தானோஸின் ஏக்கம், மெஃபிஸ்டோவின் தூண்டில், கேப்டனின் கடைசி நடை ஆகிய மூன்றும் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் அடைந்த உயரங்களில் சேரும். கூட்டுப் போரின் கதையாக இது இரண்டாம் தரம். ஆட்கள் வந்தார்கள், போர் திரும்பவில்லை. அறக்கணக்கில் இது பாதியில் நிற்கிறது, வார்லாக் இன்னும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பல நாயகர் மோதலின் மாதிரி இதழ் என்று அடுத்த தலைமுறைக்கு இதை நீட்டுவது தவறு. வில்லனைக் கதாநாயகனாக எழுதுவது எப்படி என்று கற்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல பாடம் அரிது. ஸ்பைடரை வாசித்து வளர்ந்த எங்கள் பக்கத்து வாசகன் அதை உடனே பிடித்துக்கொள்வான்.

தமிழில் இதை யாராவது உரிமை வாங்கி வெளியிட்டால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நான்காம் இதழைத் தனியாகப் பிரித்துப் போடக் கூடாது. முதல் மூன்றில் இருக்கும் காதல் ஏக்கம் இல்லாமல் இது வெறும் கொலைப் பட்டியல் ஆகிவிடும். ஆறையும் ஒரே தொகுப்பாக, பெரிய அளவில், ஆர்ட் பேப்பரில், முழு வண்ணத்தில் கொண்டுவர வேண்டும்; ‘மின்னும் மரணம்’ போன்ற பருமனான தொகுப்புகளைச் செய்துகாட்டிய சிவகாசிக்கு அது முடியாத வேலையில்லை. அட்டையில் நாயகர்களின் கூட்டத்தைப் போடுவார்கள், விற்பனைக்கு அது உதவும், புரிகிறது. என்னைக் கேட்டால், தானோஸின் முகத்தை மட்டும் போடச் சொல்வேன்.